மாணவர் விவகாரப் பணி: பிறர் பிள்ளைகளைத் தூக்கிவிடுபவரைத் தூக்கிவிடுவது யார்?

(தொலைக்காட்சி அரங்க உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளை பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறான் என்று சொன்னால், நம் வீடுகளில் அடுத்து வரும் கேள்வி "விரிவுரையாளரா?" என்பதுதான். "இல்லை, மாணவர் விவகாரப் பிரிவில்" என்று பதில் வந்தால் கேட்டவர் முகம் கொஞ்சம் சுருங்கும். "அப்படியென்றால் ஆபீஸ் வேலையா?" என்பார். தவறு அவர் மீதில்லை. அந்தப் பிரிவு என்ன செய்கிறது என்பதை நம் சமூகத்தில் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

மலாயில் எச்.இ.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் பிரிவு அது. தங்கும் விடுதி, கல்வி உதவிநிதி, கட்டொழுங்கு, மாணவர் கழகங்கள், மனநல ஆலோசனை, வேலை வாய்ப்பு வழிகாட்டல், உடற்குறையுள்ள மாணவர்களுக்கான வசதிகள், தனியார் கல்லூரி என்றால் வெளிநாட்டு மாணவர்களின் விசா. விரிவுரை மண்டபத்துக்கு வெளியே ஒரு மாணவனுக்கு எது நடந்தாலும் அது அந்தப் பிரிவின் தலையில்தான் வந்து விழும். பிள்ளையை விடுதியில் விட்டுவிட்டு வீடு திரும்பும் பெற்றோர், நடு இரவில் ஏதாவது என்றால் யாரை நம்பியிருக்கிறார்கள்? பேராசிரியரை அல்ல, இந்தப் பணியாளரைத்தான்.

அந்தப் பணியில் முதல் மூன்று நான்கு ஆண்டுகளில் இருக்கும் இளையோரைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு. மாணவனின் வளர்ச்சிக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவர்கள் தொழில். தங்கள் வளர்ச்சிக்குத் திட்டம் வைத்திருக்கிறார்களா?

கிள்ளானில் குடியிருக்கும் 25 வயதுப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். விடியற்காலையில் கம்யூட்டர் ரயில் ஏறி, செத்தியா ஜெயாவில் இறங்கி, 2015-ல் ஓடத் தொடங்கிய சன்வே விரைவுப் பேருந்தைப் பிடித்துக் கல்லூரிக்குப் போகிறார். காலையில் விடுதி அறை மாற்றக் கேட்டு நிற்கும் மாணவர் வரிசை. மதியம் புது மாணவர் அறிமுக வாரத்துக்கான கூட்டம். மாலையில் கழகத் தேர்தல். வீடு திரும்பும் ரயிலில் இருக்கும்போதே மாணவி ஒருத்தி அழுதுகொண்டு அழைக்கிறாள். மறுநாளும் இதே கதைதான். வேலையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மாணவர்களுக்கு "அக்கா" என்றால் உயிர்.

மூன்றாம் ஆண்டு முடிவில் அந்த அக்காவின் அலமாரியில் நிகழ்ச்சி டி-சட்டைகள் அடுக்கடுக்காக இருக்கும். கைத்தொலைபேசியில் குழுப்படங்கள் நிறைந்து கிடக்கும். ஆனால் மேற்பதவிக்கான விண்ணப்பப் பாரத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தால், "ஏற்பாட்டுக் குழு உறுப்பினர்" என்பதைத் தவிர எழுத எதுவும் கைக்கு வராது. உழைப்புக்குப் பஞ்சமில்லை. உழைப்பு எந்தத் திசையில் போகிறது என்று நின்று பார்க்க நேரமில்லாமல் போனதுதான் கோளாறு.

ஏணி எங்கே?

விரிவுரையாளருக்கு ஏணி கண்ணெதிரே நிற்கிறது. முனைவர் பட்டம், ஆய்வுக் கட்டுரை, மூத்த விரிவுரையாளர், இணைப் பேராசிரியர், பேராசிரியர். தாதிக்கும் கணக்காய்வாளருக்கும் அப்படியே. மாணவர் விவகாரத்தில் அப்படி ஓர் ஒற்றை ஏணி கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் நிர்வாக அதிகாரி, உளவியல் அதிகாரி, இளைஞர் விளையாட்டு அதிகாரி என்று வெவ்வேறு சேவைப் பிரிவுகளில் ஆள் எடுக்கிறார்கள். பட்டதாரிகள் நுழையும் 41-ஆம் தரம், 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறையில் 9-ஆம் தரமாயிற்று. எண் மாறினாலும் ஏணியின் அமைப்பு மாறிவிடவில்லை.

இன்னொரு கசப்பான செய்தியும் உண்டு. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மாணவர் விவகாரத்துக்குப் பொறுப்பான உதவித் துணைவேந்தர் நாற்காலியில் பெரும்பாலும் பேராசிரியர்தான் அமர்கிறார். கீழ்ப்படியிலிருந்து ஏறி வந்த அதிகாரிக்கு அது எட்டுவது அரிது. தனியார் கல்லூரிகளில் அந்தக் கதவு சற்று அகலமாகவே திறந்திருக்கிறது. முதல் ஆண்டிலேயே இது தெரிந்திருந்தால், எங்கே நின்றால் எவ்வளவு உயரலாம் என்று கணக்குப் போடலாம். பத்தாம் ஆண்டில் தெரிந்தால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

இந்தப் பணியே காலத்துக்குக் காலம் உருமாறி வந்திருக்கிறது. பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் 1971-ல் வந்தது. பாலிங் வட்டார மக்களின் வறுமையை முன்னிட்டு 1974 டிசம்பரில் மாணவர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள். மறு ஆண்டே, 1975-ல், அந்தச் சட்டம் இறுக்கப்பட்டது. அன்று மாணவர் விவகார அதிகாரி என்றால் மாணவர்கள் கண்ணுக்குக் காவல்காரர். பிறகு காற்று திசை மாறியது. மாணவர் அரசியலுக்குத் தடை விதித்த ஒரு பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-ல் மாணவர்கள் அரசியல் கட்சியில் சேரலாம் என்றானது. 2018-ல் வளாகத்துக்குள் அரசியல் நடவடிக்கைக்கு இருந்த தடை போயிற்று. 2024-ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் அமைப்புகள் தங்கள் நிதியைத் தாங்களே நிர்வகிக்க வழிவிட்டது.

இதைச் சரித்திரப் பாடமாக மட்டும் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். விதிமுறைப் புத்தகத்தைக் காட்டி "கூடாது" என்று சொல்லத் தெரிவதே திறமையாக இருந்த அதிகாரியின் கைச்சரக்கை ஒவ்வொரு திருத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. இன்று மாணவர் மன்றத்துக்கு வரவு செலவு எழுதச் சொல்லித் தருபவர் தேவைப்படுகிறார். அப்படியானால் அவருக்கே கணக்கு வழக்கு தெரிந்திருக்க வேண்டும். தனியார் கல்லூரியில் இருப்பவர் 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விக்கூடச் சட்டத்தை ஒரு முறையாவது முழுதாகப் படித்திருக்க வேண்டும். வாசித்தவர்கள் எத்தனை பேர் என்று ஒரு கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் அரங்கம் அமைதியாகிவிடும்!

பூட்டுப் போட்ட கதவு

மாணவர் விவகாரத்தில் கிளைகள் பல. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் சட்டப் பூட்டு இருக்கிறது. அது ஆலோசகர் பணி, அதாவது கவுன்சலிங். 1998-ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டத்தின்படி, ஆலோசகர் வாரியத்தில் பதிவு பெறாதவர் தம்மை ஆலோசகர் என்று அழைத்துக்கொள்ளவோ அந்தத் தொழிலைச் செய்யவோ முடியாது. பதிவு பெற்று, தொழில் நடத்தும் சான்றிதழும் வாங்கியவர்கள் பெயருக்குப் பின்னால் கே.பி., பி.ஏ. என்ற எழுத்துகளைப் பார்த்திருப்பீர்கள்.

நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். உளவியல் பட்டம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். போதாது. வாரியம் ஏற்றுக்கொள்ளும் ஆலோசகப் படிப்பு வேண்டும், மேற்பார்வையின் கீழ் செய்த பயிற்சி வேண்டும். இளங்கலையில் வேறு துறை படித்தவர் முதுகலையில் ஆலோசகம் எடுக்கலாம். ஆனால் சேர்வதற்கு முன் அந்தப் படிப்பு வாரியத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். கல்லூரி விளம்பரத்தில் இருக்கும் வார்த்தையை நம்பிப் பணம் கட்டிவிட்டுப் பிறகு ஓடக்கூடாது.

பகுதி நேரமாகப் படித்தால் இரண்டு மூன்று ஆண்டுகள் போய்விடும். ஆகவே இந்தக் கிளைதான் வேண்டும் என்றால் வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டுக்குள் முடிவெடுப்பது நல்லது. வேண்டாம் என்றாலும் அதே காலத்துக்குள் முடிவெடுத்துவிடலாம். இரண்டும் இல்லாமல் இருப்பதுதான் சிக்கல். பதிவு இல்லாமலேயே நள்ளிரவு அழைப்புகளையெல்லாம் ஏற்று, ஆலோசகர் சுமக்க வேண்டிய பாரத்தைத் தானே சுமந்து, நான்காம் ஆண்டில் களைத்துப் போய் வேலையை விட்டுவிடும் நல்ல உள்ளங்கள் இந்தத் துறைக்குப் பெரிய இழப்பு.

மனமுடைந்த மாணவனைத் தேநீர் வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்பது எந்த அதிகாரியும் செய்யக்கூடியது, செய்ய வேண்டியது. அதற்குப் பிறகு யாரிடம் ஒப்படைப்பது என்று தெரிந்திருப்பதுதான் தொழில். வளாகத்தின் பதிவு பெற்ற ஆலோசகர், மருத்துவமனை, சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவை ஆகியவை விரல் நுனியில் இருக்க வேண்டும். தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்த்த தண்டனைச் சட்டப் பிரிவு 2023-ல் நீக்கப்பட்டுவிட்டது. அது தெரியாமல் "போலீஸ் வரும்" என்று இன்னும் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தால், உதவி தேடி வரும் மாணவன் பயந்து ஒதுங்கிவிடுவான்.

"நம்ம ஆளு" என்ற வலை

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். பேசாமல் விட முடியாது.

பல கல்விக்கூடங்களில் மாணவர் விவகாரப் பிரிவில் தமிழ் பேசும் அதிகாரி ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். இந்திய மாணவர் யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் கோப்பு அவர் மேசைக்கு வரும். தீபாவளி உபசரிப்பா, அவர். பொங்கலா, அவர். பெற்றோருக்கு ஆங்கிலமும் மலாயும் சரளமாக வராதா, மொழிபெயர்க்க அவர். மாணவர்களுக்கும் அவர்தான் "நம்ம ஆளு". இதில் பெருமை இல்லை என்று யார் சொல்ல முடியும்? தோட்டத்துப் பின்னணியிலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் வரும் பிள்ளைக்கு, பி.டி.பி.டி.என். பாரத்தைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

ஆனால் ஐந்து ஆண்டுகள் இதையே செய்தவர் பதவி உயர்வு நேர்காணலில் உட்காரும்போது, பட்ஜெட் கையாண்டதுண்டா, விடுதிக் கொள்கை எழுதியதுண்டா, எல்லா இன மாணவர்களையும் உள்ளடக்கிய திட்டம் நடத்தியதுண்டா என்று கேட்கிறார்கள். பதில் இல்லை. சமூகத்துக்கு உழைத்தது அவர் வளர்ச்சிக்குக் கணக்கில் வரவில்லை.

இதற்குத் தீர்வு நம் மாணவர்களைக் கைவிடுவதல்ல. செய்கிற வேலையை எழுத்தில் கொண்டு வருவதுதான். உதவிநிதிப் பாரம் நிரப்பத் திணறிய மாணவர்கள் எத்தனை பேர், எந்த இடத்தில் திணறினார்கள், விளக்கக் கூட்டம் நடத்திய பிறகு எத்தனை பேர் தவணைக்குள் அனுப்பினார்கள் என்று ஒரு தாளில் எழுதி மேலாளரிடம் கொடுத்தால், அது சமூகத் தொண்டு என்ற பெயரிலிருந்து மாணவர் சேவை மதிப்பீடு என்ற பெயருக்கு மாறிவிடுகிறது. அதே கூட்டத்தை அடுத்த ஆண்டு சபா, சரவாக்கிலிருந்து வரும் மாணவர்களுக்கும் சேர்த்து நடத்தலாம். "இந்தியர் விவகாரம்" பார்க்கும் அதிகாரி அப்போது முதல் தலைமுறை மாணவர்களைப் பற்றித் தெரிந்த அதிகாரியாகிறார். அப்படிப்பட்டவர் எந்தக் கல்விக்கூடத்துக்கும் தேவை.

வேலைக்கு வருவதற்கு முன்பே இந்த அனுபவம் பெற்றவர்களும் நம்மிடையே நிறைய. 1982-ல் தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில் வகுப்பெடுத்தவர்கள், மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையில் செயலாளராக இருந்து சிறுகதைப் போட்டிக்காக ஓடியவர்கள். இவர்கள் அப்போதே மாணவர் விவகாரப் பணிதான் செய்திருக்கிறார்கள். சுயவிவரத்தில் அதைக் கடைசிப் பக்கத்தில் "இதர ஈடுபாடுகள்" என்று ஒற்றை வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். எத்தனை பேரை வழிநடத்தினார்கள், எவ்வளவு நிதி திரட்டினார்கள், எது சொதப்பியது, எப்படிச் சரி செய்தார்கள் என்று முதல் பக்கத்தில் இருக்க வேண்டிய செய்தி அது.

மற்ற நாடுகளில் இந்தப் பணியைத் தனித் தொழிலாகவே வளர்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் 1937-லேயே, மாணவனை மூளையாக மட்டும் பார்க்காமல் முழு மனிதனாகப் பார்க்க வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அங்குள்ள இரு பெரிய தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து 2010-ல் தயாரித்து 2015-ல் திருத்திய திறன் பட்டியலில் பத்துத் துறைகள் உள்ளன. ஆலோசனையும் ஆதரவும், சட்டமும் கொள்கையும், மதிப்பீடும் ஆய்வும், தலைமைத்துவம், தொழில்நுட்பம் என்று அது போகிறது. ஒவ்வொன்றிலும் தொடக்கம், இடைநிலை, உயர்நிலை என மூன்று படிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அப்படியே இங்கே நட்டுவிட முடியாது. அவர்கள் சட்டம் வேறு, வளாகம் வேறு. ஆனால் ஒரு சனிக்கிழமை மாலை அந்தப் பத்திலும் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பென்சிலால் குறித்துப் பார்க்கலாம். நம் இளையோர் பலருக்கு ஆதரவு என்ற இடத்தில் குறி உயரமாக விழும், மதிப்பீடு என்ற இடத்தில் தரையோடு கிடக்கும். பத்தையும் ஒரே ஆண்டில் தூக்கிப் பிடிக்கப் போனால் ஒன்றும் நடக்காது. ஆண்டுக்கு இரண்டு போதும்.

பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையில்

கற்றுக்கொள்ளப் பெரிய செலவு செய்ய வேண்டும் என்பதில்லை. பிரிக்பீல்ட்ஸுக்கு நாம் எதற்குப் போகிறோம்? வாழையிலைச் சாப்பாட்டுக்கு, புடவைக்கு, பூவுக்கு, கோயிலுக்கு. அங்கே நடைபாதையில் மேடு மேடாகப் பதித்த மஞ்சள் ஓடுகள் மீது கால் வைத்திருப்போம். பார்வையற்றவர்கள் வழி கண்டு நடக்கப் போட்டவை அவை. 1951-ல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது. செவித்திறன் குறைந்தோருக்கான மையம் நடத்தும் ஒய்.எம்.சி.ஏ.யும் அதே வட்டாரம்.

உடற்குறையுள்ளோர் சட்டம் 2008-ல் வந்த பிறகு, கல்வியில் அவர்களுக்குரிய இடத்தைப் பற்றிக் கல்விக்கூடங்கள் பேசத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் திரைவாசிப்பு மென்பொருள் எப்படி வேலை செய்கிறது, தேர்வுத் தாளை எந்த வடிவில் தர வேண்டும், கைமொழி பெயர்ப்பாளரை எங்கே அமர்த்த வேண்டும் என்று தெரிந்த அதிகாரிகள் அரிது. எல்.ஆர்.டி.யில் வந்து மாதம் இரண்டு சனிக்கிழமைகள் அங்கே தொண்டூழியம் செய்யும் இளைஞர், இரண்டு ஆண்டில் தம் வளாகத்தில் வேறு யாருக்கும் இல்லாத அறிவோடு நிற்பார். இப்படி ஒரு தனித்திறமைதான் கூட்டத்தில் ஒருவரைத் தலைநிமிர்த்திக் காட்டும்.

பணக் கணக்கையும் பேசிவிடுவோம். தம்பி தங்கை படிப்பு, வீட்டு வாடகை, கல்விக் கடன் தவணை எல்லாம் போக முதுகலைக்கு எங்கே போவது என்று கேட்பது நியாயம்தான். இ.பி.எஃப். சேமிப்பில், 2024 மே மாதம் முதல் செஜாத்ரா கணக்கு எனப்படும் பகுதியிலிருந்து சொந்தப் படிப்புக்கு எடுக்கலாம். சுயகல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 வெள்ளி வரை வருமான வரிச் சலுகை உண்டு. முதுகலை, முனைவர் படிப்பானால் எந்தத் துறையாக இருந்தாலும் அது பொருந்தும். மனிதவள மேம்பாட்டு நிதியான எச்.ஆர்.டி. கார்ப்புக்கு லெவி கட்டும் தனியார் நிறுவனம் என்றால், அந்தப் பணம் ஊழியர் பயிற்சிக்காகவே இருக்கிறது. "நம் கல்லூரி லெவி கட்டுகிறதா, என் பயிற்சிக்குப் பயன்படுத்தலாமா?" என்று மனிதவளப் பிரிவில் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அது தானாக வந்து சேராது. கேட்பதற்கு நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள்.

டிப்ளோமாவோடு வேலையில் சேர்ந்தவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. அனுபவத்தைக் கல்வித் தகுதியாக மதிக்கும் ஏப்பல் முறை எம்.கியூ.ஏ.யின் கீழ் நடைமுறையில் உள்ளது. துறை அனுபவம் உள்ளவர் 30 வயதானதும், டிப்ளோமா அல்லது எஸ்.டி.பி.எம். தகுதியோடு, மதிப்பீட்டில் தேறி முதுகலையில் சேர அது வழி திறக்கிறது. அப்படி வருபவர் செய்த வேலைகளுக்கு ஆதாரக் கோப்பு ஒன்றைக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி அறிக்கை, மேலாளர் கடிதம், பயிற்சிச் சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாமல் இன்றே ஒரு கோப்பைத் திறந்து வையுங்கள். மாணவர்களின் பெயர், அடையாள அட்டை எண், அவர்கள் அந்தரங்கமாகச் சொன்னவை மட்டும் அதில் இருக்கக்கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 தனியார் கல்லூரிக்குப் பொருந்தும். சட்டம் இல்லாவிட்டாலும் அது நம்பிக்கைத் துரோகம்.

விடுதியில் தங்கி மாணவர்களைக் கவனிக்கும் ஃபெலோ பொறுப்பைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. வாடகை மிச்சம், கிள்ளானிலிருந்து தினம் ரயில் ஏறும் அலைச்சல் மிச்சம், மாணவர் வாழ்க்கையை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு. எல்லாம் சரிதான். ஆனால் வேலை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். பகுதி நேரப் படிப்பும் ஃபெலோ பொறுப்பும் ஒரே நேரத்தில் வேண்டாம். இரண்டு ஆண்டு ஃபெலோ, பிறகு படிப்பு என்று வரிசைப்படுத்திக்கொள்வது உடம்புக்கும் நல்லது.

கடைசியாக, ஆண்டு இறுதி மதிப்பீட்டுக் கூட்டம். பலர் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் எழுந்து வந்துவிடுகிறார்கள். அந்த நாளில் மேலாளரின் முழுக் கவனமும் ஓர் ஊழியர் மீது இருக்கிறது. வருடத்தில் வேறு எந்த நாளிலும் அது கிடைக்காது. கையில் ஒரு பக்கத் தாளோடு போகலாம். இந்த ஆண்டு செய்தவற்றில் இரண்டுக்கு எண்ணிக்கையோடு கூடிய விளைவு. அடுத்த ஆண்டு கற்க விரும்பும் இரண்டு திறன்கள். மூன்றாவதாக ஒரு வேண்டுகோள்: "இவ்வாண்டு விடுதிக்கான பட்ஜெட் தயாரிக்கும்போது என்னையும் உட்கார வையுங்கள்" என்பது போல. மேலாளர் மறுத்தால் ஏன் என்று மரியாதையோடு கேட்டு, பதிலையும் அதே தாளில் தேதியோடு எழுதிவைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்கலாம். இரண்டாவது முறையும் காரணமில்லாமல் மறுத்தால், கிள்ளான் பள்ளத்தாக்கில் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த ரயில் தடத்திலேயே அடுத்த நிறுத்தங்களில் என்னென்ன காலியிடங்கள் இருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கலாம்.